சுடுநீர்ப் பைக்கு ஒரு ஹெல்மெட்

என் வீட்டிலிருந்து மகளின் பள்ளிக்கூடத்துக்கு மோட்டார்சைக்கிளில் அரை மணி நேரம். அதில் பாலம் ஒன்றுதான் சிக்கல். மற்ற இடங்களில் காற்றைத் தடுக்கக் கட்டடங்கள் இருக்கின்றன. பாலத்தின் மேல் எதுவும் இல்லை. ஆற்றுக்காற்று பக்கவாட்டில் அடித்து, சட்டைக் கைக்குள் நுழைந்து, அக்குள் வரை ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பள்ளி வேன் பாலத்தைத் தாண்டி வராது. பேருந்து சுற்றிக்கொண்டு போய், மணி அடித்த பிறகுதான் சேரும். என்னிடம் இருப்பது மோட்டார்சைக்கிள்.

என் மனைவி கோடையில் இறந்தாள். அதிலிருந்து மகள் அவளுடைய பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். என் மனைவியின் அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அங்கிருந்து பள்ளிக்குக் காரில் ஏறினால் உட்காருவதற்குள் இறங்கிவிடலாம். முதலில் வெயில் தணியட்டும் என்றார்கள். பிறகு மழை விடட்டும் என்றார்கள். மழை விட்டது. இப்போது குளிர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன். ஒரு ஞாயிறு, கிளம்பும்போது என் ஷூ ஒன்றைக் காணவில்லை. மகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்த சமயம்.

"ஒண்ணு என்கிட்ட இருக்கு" என்றாள்.

"தெரியுது."

"நானும் வரேன். நம்ம வீட்டுக்கு. திரும்பி வரமாட்டேன்."

அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "குளிர் முடியட்டும்டி கண்ணு."

"குளிர் முடிஞ்சா வெயில்னு சொல்லுவீங்க. வெயில் முடிஞ்சா மழைன்னு சொல்லுவீங்க."

சோபாவிலிருந்து சகலை சிரித்தார். அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எதையும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். "வக்கீலம்மா கேஸை நல்லாப் படிச்சுட்டுத்தான் வந்திருக்காங்க" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, நான் பிடிச்சு வெச்சுக்கணும்னு நினைக்கலை. அந்தப் பாலத்துல, அந்த வண்டியில, காலங்காத்தால... போன குளிருக்கு நெஞ்சுச் சளி பிடிச்சு அவ பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்."

"பத்திரமாக் கூட்டிட்டுப் போவேன்க்கா."

"பத்திரம் வேற, குளிராம இருக்கறது வேற."

அது சரிதான்.

அக்கா என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணு செய்யலாம். ஒரு நாள் உங்க வீட்டுலேர்ந்து ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வாங்க. நான் கேட்ல நிப்பேன். இறங்கினதும் அவ கையைத் தொட்டுப் பார்ப்பேன். கதகதன்னு இருந்தா அன்னிக்கே பெட்டியைக் கட்டிடலாம். ஸ்கூல் விட்டதும் இங்க இருக்கட்டும், வேலை முடிச்சு வந்து நீங்க கூட்டிட்டுப் போங்க. சில்லுன்னு இருந்தா, குளிர் போற வரைக்கும் இந்தப் பேச்சே கூடாது. ரெண்டு பேரும்."

மகள் ஷூவைக் கொடுத்தாள்.

"நல்லா யோசிச்சுப் பண்ணுங்கப்பா" என்றாள், என் வேலையிடத்து மேலாளர் சொல்வது போலவே.

நான் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். பழம், காய், மருந்து எல்லாம் வரும், போகும். கல்லூரியில் இயற்பியல் படித்தேன். அதில் வெப்பத்தைப் பற்றிய பாடம் மட்டும் பிழைப்புக்கு உதவியது. புது மாதிரிப் பெட்டி ஒன்று வந்தால், அது சரக்கின் குளிரைக் காப்பாற்றுமா என்று பார்ப்பது என் பொறுப்பு. இதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. புதுப் பெட்டியில் முதல் தடவை உண்மையான சரக்கை ஏற்றவே மாட்டோம். அதே எடைக்குத் தண்ணீர்ப் பைகளை அடுக்கி, நடுவில் வெப்பமானியைச் செருகி, போக வேண்டிய இடத்துக்கே லாரியில் அனுப்பித் திரும்ப வரவழைப்போம். அதற்குப் பொய்ச்சரக்கு என்று பெயர். பொய்ச்சரக்கு தேறினால்தான் மெய்ச்சரக்கு ஏறும்.

மகளை முதல் தடவையே வண்டியில் ஏற்றிப் பார்ப்பது முறையல்ல என்று தோன்றியது. அது விநோதமாக இருக்கும் என்று தோன்றவில்லை. அந்த நாட்களில் எனக்கு அதிகம் எதுவும் தோன்றியதில்லை.

கிடங்கின் சாமான் அறையில் இருப்பவரை எல்லோரும் ஸ்வெட்டர் என்று கூப்பிடுவார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அவர் ஸ்வெட்டரோடுதான் இருப்பார். அவரிடம் கம்பி வைத்த வெப்பமானி ஒன்று கேட்டேன்.

"என்ன சரக்கு?"

"என் மக."

அவர் வெப்பமானியை நீட்டிய கையை அப்படியே நிறுத்தினார். "எங்கே அனுப்பறீங்க?"

"ஸ்கூலுக்கு. வண்டியில. முதல்ல பொய்ச்சரக்கு வெச்சுப் பார்க்கப் போறேன்."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். என் மனைவி இறந்தபோது வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் நாற்காலிகளை எடுத்துப் போட்டவர் அவர். "உடையற சரக்கு" என்றார் கடைசியில். "இந்தப் பக்கம் மேலேன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடுங்க."

அன்று மாலையே வேலையைத் தொடங்கினேன். தலையணை உறையில் மணலை நிரப்பி எடை சேர்த்தேன். அதன்மேல் ரப்பர் சுடுநீர்ப் பைகள், உடம்புச் சூட்டில். கைகளுக்குப் பாத்திரம் கழுவும் ரப்பர் உறைகள். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி மணிக்கட்டில் முடிச்சுப் போட்டேன். விரல்கள் தானாக விரிந்து நின்றன. அவற்றை மகளின் கம்பளிக் கையுறைக்குள் செலுத்துவது உயிருள்ள பிள்ளைக்குப் போட்டுவிடுவதைவிட எளிதாக இருந்தது. கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்டது. தலைக்கு அவளுடைய பந்து. பந்துக்கு ஹெல்மெட். எல்லாவற்றுக்கும் மேலே போன குளிருக்கு அவள் போட்ட கோட்டு.

விடிந்ததும் தண்ணீரை மறுபடி சூடாக மாற்றி, அதைப் பின்னால் உட்காரவைத்து, பெல்ட்டால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள் படுதோல்வி. பள்ளி வாசலில் நிறுத்திக் கையுறைக்குள் விரலை விட்டால், குழாய்த் தண்ணீர் போல இருந்தது. வழியெல்லாம் கையுறைக்கும் கோட்டுக் கைக்கும் நடுவே மணிக்கட்டு திறந்து கிடந்திருக்கிறது. அடுத்த நாள் நீளமான கையுறை போட்டு, அதன்மேல் கோட்டுக் கையை இழுத்து ரப்பர் பட்டையால் இறுக்கினேன். கை தேறியது, மார்பு தேறவில்லை. கம்பளி குளிரைத் தாங்கும், காற்றை விட்டுவிடும். கோட்டுக்கு மேல் ரெயின்கோட்டைப் போட்டதும் பாதித் தொல்லை ஒழிந்தது. கழுத்துக்குச் சால்வை சரிப்படவில்லை, பாலத்தில் காற்று அதைப் பிரித்துக் கொடியாகப் பறக்கவிட்டது. பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டிக் குழாய் போல மாட்டினேன். நின்றது.

கால்தான் அதிகம் ஏமாற்றியது. சாக்ஸ் மேல் சாக்ஸாக ஏற்றிக்கொண்டே போனேன். ஏற்ற ஏற்றக் கூடுதலாகக் குளிர்ந்தது. ஷூ இறுகிவிட்டால் உள்ளே காற்றுக்கு இடம் இருக்காது, அந்தக் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. பெட்டிகளில் தினமும் பார்க்கிற விஷயம். ஒரு அளவு பெரிய ஷூ வாங்கி, ஒரே ஒரு தடித்த சாக்ஸ் போட்டேன். சீட்டும் சூட்டைத் திருடுகிறது என்று தெரிந்தது. இரவெல்லாம் வெளியே நின்ற சீட்டின் மேல் பனி வெள்ளையாகப் படிந்திருக்கும். கிடங்கில் கழித்த பெட்டி ஒன்றின் தெர்மாகோல் பலகையை வெட்டி, துணி சுற்றி அதன் மேல் போட்டேன்.

நானோ வேலைக்குப் போட்டுப் போகிற மெல்லிய தோல் கையுறைதான் போட்டிருந்தேன். பாலம் தாண்டும்போது விரல்கள் இருப்பது தெரியாது. சாவியைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருக்கும். இறங்கியதும் இஞ்சின் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நிற்பேன். என் விரல்களை யாரும் அளக்கச் சொல்லவில்லை.

பொய்ச்சரக்கு ஏறக்குறையத் தேறிவிட்ட ஒரு காலை, பள்ளியின் வாட்ச்மேன் தன் கூண்டிலிருந்து வெளியே வந்தார். கையில் பிளாஸ்க் மூடி நிறையத் தேநீர், வாயில் விசில்.

"சார்" என்றார், விசிலை எடுத்துவிட்டு. "தினம் வரீங்க. பாப்பாவை இறக்க மாட்டேங்கறீங்க. கோட்டுக்குள்ள கையை விட்டுப் பார்க்கறீங்க, போயிடறீங்க. அப்புறம் பாப்பா கார்ல வந்து இறங்குது. ஸ்கூல் திறக்கவே இன்னும் நேரம் கிடக்கு. பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்லை, நல்லா இருக்கு" என்றேன். வெப்பமானியைத்தான் சொன்னேன்.

அவர் குனிந்து ஹெல்மெட்டின் கண்ணாடிக்குள் பார்த்தார். "என்னம்மா, பேசமாட்டியா?" என்று தோளில் லேசாகத் தட்டினார்.

தலை கழன்று விழுந்தது. ஹெல்மெட் ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். பந்து சரிவில் உருண்டு அவர் காலில் போய் நின்றது. விசில் எப்படியோ மறுபடி அவர் வாய்க்குப் போயிருந்தது. நீளமாக ஊதினார். தேநீர் முழுக்கச் சட்டையில்.

"பயப்படாதீங்க. இது பொய்ச்சரக்கு."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

"என்ன சார் சரக்கு? போலீசைக் கூப்பிடட்டுமா, டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"ரெண்டும் வேண்டாம். கொஞ்சம் இந்தக் கையைத் தொட்டுப் பார்த்து, கதகதப்பா இருக்கான்னு சொல்றீங்களா? எனக்கு விரல் மரத்துப்போச்சு, சரியாத் தெரியலை."

அவர் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவருக்கு என்னைத் தெரியும். மகளைக் காரில் கொண்டுவந்து விடுகிற சகலையையும் தெரியும். அன்று சாயங்காலமே சகலையும் அக்காவும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் அப்போதுதான் கடைசி ஓட்டம் ஒன்று போய்த் திரும்பியிருந்தேன். பொய்ச்சரக்கை மேஜைக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு பையாக அளந்துகொண்டிருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

முதலில் உள்ளே வந்த சகலை நின்றுவிட்டார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"சகலை, வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கறதை நீங்க சொல்லவே இல்லையே?"

அக்கா அவரை விலக்கிக்கொண்டு வந்தார். "அது பாப்பாவோட கோட்டு" என்றார்.

"ஆமாங்க்கா."

அவர் உட்கார்ந்தார். எதிரே இருந்த ஹெல்மெட்டைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அழுது நான் பார்த்ததே இல்லை. அன்னிக்கும் இல்லை, அதுக்கப்புறமும் இல்லை. எல்லாரும் தைரியசாலின்னு சொன்னாங்க. எனக்கு அப்பவே உள்ளுக்குள்ள உறுத்திச்சு. நல்ல டாக்டரா ஒருத்தரைப் பார்ப்போம், நானும் கூட வரேன். அதுவரைக்கும் பாப்பா எங்ககிட்டவே இருக்கட்டும். கையைத் தொட்டுப் பார்க்கறது, கேட்ல நிக்கறது, அதெல்லாம் இப்ப வேண்டாம்."

எனக்கு நீளமாக விளக்க வரவில்லை. எப்போதுமே வராது. நாற்காலியிலிருந்த கையுறை ஒன்றை அதன் கையோடு சேர்த்துக் கழற்றி அக்காவிடம் நீட்டினேன்.

"தொட்டுப் பாருங்க."

அவர் தொடவில்லை. சகலை வாங்கினார். வாங்கியவர் மறு கையையும் கொண்டுவந்து பொத்திக்கொண்டார். "அட" என்றார். "இப்ப ஊத்தின தண்ணியா?"

"கிளம்பறப்போ ஊத்தினது. பாலம் தாண்டி ஸ்கூல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருக்கு. கிடங்குல இப்படித்தான் செய்வோம். முதல் தடவை நிஜச் சரக்கை ஏத்த மாட்டோம்."

"அதான் பொம்மையா?"

"பொம்மை இல்லை. அவ எடை, அவ உடம்புச் சூடு, அவ்வளவுதான். முதல் நாள் ரொம்ப மோசம். அன்னிக்கு நிஜமாவே அவளை ஏத்தியிருந்தா விரல் வெறைச்சிருக்கும்."

சகலை அந்தக் கையை மனைவியின் மடியில் வைத்தார். அக்கா அதைப் பார்த்தார். மெல்ல எடுத்துக்கொண்டார். நான் தேநீர் போட்டு வந்தேன். குடித்து முடிக்கும் வரை ஒரு கையில் கோப்பை, மறு கையில் அது. கிளம்பும்போதுதான் மேஜை மேல் வைத்தார், விரல்கள் மேலே இருக்கும்படி.

"திங்கக்கிழமை. நான் கேட்ல நிப்பேன்" என்றார். வாசலில் திரும்பி, "இதைப் பாப்பா கண்ணுல காட்டாதீங்க, பயந்துடும்."

ஞாயிறு மாலை சகலையின் காரில் என் வீட்டுக்கு வந்த மகள் அலமாரிக்குப் பின்னால் போர்வை போட்டு மூடியிருந்ததை வந்த சூட்டிலேயே கண்டுபிடித்தாள்.

"யாருப்பா இது?"

"நீதான். மாதிரிக்கு."

சுற்றி வந்து பார்த்தாள். ஹெல்மெட்டைத் திறந்தாள். "என் பந்து!" என்றாள். பிறகு, "எனக்கு முன்னாடி இதைக் கூட்டிட்டுப் போயிட்டீங்களா? எத்தனை தடவை?"

"சில தடவை."

"பாலத்துக்கு?"

"ஆமா."

"இது எதையாவது பார்த்துச்சா? சும்மாத்தானே உக்காந்திருந்துச்சு?"

அவளுக்கு அது நியாயமாகப் படவில்லை. தூங்கும் வரை என்னோடு பேசவில்லை.

திங்கள் காலை அவளுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன். உள்பனியன், சட்டை, ஸ்வெட்டர், காற்றைத் தடுக்க மார்பில் செய்தித்தாள், கோட்டு, ரெயின்கோட்டு, கழுத்துக் குழாய், கையுறை, ரப்பர் பட்டை.

"அப்பா, கையை மடக்க முடியலை."

"மடக்க வேண்டாம்."

"மூக்கு அரிக்குது."

சொறிந்துவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் மேலே. ஆங்."

வண்டியில் பேசினால் ஹெல்மெட்டுக்குள் கேட்காது. குளிர்ந்தால் முதுகில் ஒரு தட்டுத் தட்டச் சொன்னேன். உடனே ஓரமாக நிறுத்திவிடுவேன் என்றேன். தலையாட்டினாள். பெல்ட்டைப் பூட்டினேன். சீட்டின் வெண்பனியைத் துடைத்துப் பலகையைப் போட்டேன். கிளம்பினோம்.

பொய்ச்சரக்கு ஒரே பாரமாக முதுகில் கிடக்கும். இவள் அப்படி இல்லை. இடப்பக்கம் சாய்ந்தாள், வலப்பக்கம் சாய்ந்தாள். நாயைப் பார்த்துக் கையாட்டினாள். கண்ணாடியில் தெரிந்தது. சிக்னலில் நின்றபோது ஏதோ பாட்டு, முழங்காலால் என் இடுப்பில் தாளம். பாலத்தில் வேகத்தைக் குறைத்தேன். காற்று வழக்கம்போல வந்து என் அக்குளில் உட்கார்ந்தது. படகுகளைப் பார்க்க எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். தட்டவில்லை. பாலம் முடிந்தது. அப்போதும் தட்டவில்லை. எனக்கு விரல்கள் போய்விட்டிருந்தன. இருந்தாலும் சந்தோஷம் என்று ஏதோ ஒன்று வருகிறாற்போல இருந்தது.

பள்ளி வாசலில் அக்கா சால்வையைப் போர்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் சகலை. வாட்ச்மேன் கூண்டின் ஜன்னலுக்குள்ளிருந்தே கேட்டார்.

"சார், இது நிஜப் பாப்பாதானே?"

"நான் நிஜம்" என்றாள் மகள், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

என்னால் பெல்ட்டைத் திறக்க முடியவில்லை. கொக்கியை அழுத்துகிறேன், அழுத்துகிறேனா என்பது தெரியவில்லை. சகலை வந்து திறந்தார். மகளைத் தூக்கி இறக்கினார். அக்கா குனிந்து ரப்பர் பட்டையைக் கழற்றிக் கையுறையை உருவினார்.

கையிலிருந்து ஆவி வந்தது.

அக்கா கையைப் பிடித்தார். சட்டென்று கோட்டைத் திறந்தார். செய்தித்தாள் ஈரத்தில் ஊறி ஸ்வெட்டரோடு ஒட்டியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினால் தலைமுடி முழுக்கத் தொப்பல். முகம் வேகவைத்த பீட்ரூட் நிறத்தில்.

"தம்பி! இதென்ன, பிள்ளையை ஆவியில வேகவெச்சுல்ல கொண்டுவந்திருக்கீங்க!"

"தட்டவே இல்லையே" என்றேன்.

"குளிர்ந்தாத்தானே தட்டச் சொன்னீங்க?" என்றாள் மகள். "எனக்கு வெந்துச்சு. வெந்தா என்ன பண்ணணும்னு நீங்க சொல்லலை."

நான் அங்கேயே நின்றேன். சுடுநீர்ப் பை சூட்டை இழக்க மட்டும்தான் செய்யும். அதில் இருப்பதைக் காப்பாற்றினால் போதும். மகள் அப்படி இல்லை. அவள் நெளிகிறாள், பாடுகிறாள், நாய்க்குக் கையாட்டுகிறாள். தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொண்டே வருகிறாள். சின்ன வகுப்புப் பாடத்திலேயே இருக்கிற விஷயம். இத்தனை ஓட்டத்திலும் எனக்கு அது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

அக்கா கார் பின்சீட்டில் வைத்து அவளுக்குச் சட்டை மாற்றினார். எதற்கும் இருக்கட்டும் என்று மாற்றுச் சட்டையும் துண்டும் கொண்டுவந்திருந்தார். "குளிர்ந்து வரும்னு கொண்டாந்தேன்" என்றார், தலையைத் துவட்டிக்கொண்டே. தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. "நனைஞ்சு வரும்னு யாரு கண்டா."

"நான் பாஸா பெரியம்மா?"

"நீ பாஸ். உங்கப்பா கொஞ்சம் ஓவரா பாஸ்."

நான் என் ஹெல்மெட்டின் வாரை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியும், விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அக்கா காரிலிருந்து பார்த்தபடி இருந்தார். இறங்கி வந்தார். என் கையுறையைப் பிடித்து இழுத்தார். விரல்கள் மெழுகு போல வெளுத்திருந்தன.

"இதென்ன கையா கட்டையா? இத்தனை நாளும் இப்படியேவா ஓட்டினே நீ?"

என்னை அவர் நீ என்று சொல்லி அதற்கு முன் கேட்டதில்லை.

"பழகிடுச்சுக்கா."

"என்ன மனுஷன் நீ? பின்னாடி பிள்ளையை உக்காரவெச்சுக்கிட்டு இந்தக் கையாலயா பிரேக் பிடிப்பே? ஒரு நாய் குறுக்கே வந்தா?"

நாய் உண்மையிலேயே இருந்தது.

அவர் என் கைகளைத் தன் சால்வைக்குள் இழுத்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். பிள்ளைகளை விட வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் விரல்களுக்குள் ஊசிகள் இறங்கின.

"வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும்" என்றார், தேய்ப்பதை நிறுத்தாமல். "அவ கை தேறிடுச்சு. உன் கை தேறலை. இந்தக் கையை நம்பி அனுப்ப மாட்டேன்."

"பெரியம்மா!" மகள் கார் ஜன்னலில் தலையை நீட்டினாள். "என் கையைத்தானே சொன்னீங்க? அப்பா கையைச் சொல்லவே இல்லையே!"

"வக்கீலம்மா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் சகலை.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "ஹேண்டிலுக்கு மாட்டற உறை ஒண்ணு என் தங்கச்சி வாங்கி வெச்சாளே, எங்கே? போன குளிர் முடியறப்போ, நானும்தான் கூட இருந்தேன். 'இப்ப எதுக்குடி'ன்னேன். 'அடுத்த குளிருக்கு ஆகும், அவர் தானா வாங்க மாட்டார்'னா."

"அலமாரியில இருக்கும்."

"இருக்கும்னா? பார்க்கலையா?"

"அவ பக்கத்தை நான் திறக்கலை."

தேய்ப்பது நின்றது. கைகளை மட்டும் விடவில்லை. மணி அடித்தது. மகள் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனாள்.

"சாயங்காலம் அதை மாட்டிக்கிட்டு வா" என்றார் அக்கா. "கை சூடா இருந்தா கூட்டிட்டுப் போ. இல்லைன்னா போகாது. நான் சொன்னா சொன்னதுதான்."

கிடங்கில் மதியத்துக்கு மேல் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அலமாரியின் வலது கதவு சிக்கும். அடியில் கொஞ்சம் தூக்கித் திறக்க வேண்டும். கை அதை மறந்திருக்கவில்லை. அவள் வாசனை ஏதாவது இருக்கும் என்று பயந்திருந்தேன். அந்துருண்டை வாசனைதான் இருந்தது.

உறைகள் கீழ்த்தட்டில் இருந்தன. கறுப்பு, தடித்த துணி, உள்ளே பஞ்சு போல ரோமம். சாக்ஸை மடிப்பது போல ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி உருட்டி வைத்திருந்தாள். எந்த ஜோடியானாலும் அப்படித்தான் வைப்பாள். ஒன்று தொலைந்தால் இரண்டும் சேர்ந்து தொலையட்டும், தேடுகிற வேலை மிச்சம் என்பாள்.

உருட்டலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். பிரிக்கவில்லை. மூக்கு ஒழுகியது. குளிர் என்று நினைத்தேன். வீட்டுக்குள் குளிர் இல்லை. அப்புறம் கொஞ்ச நேரம் எதையும் நினைக்கவில்லை. சத்தம் கேட்டால் மாடி வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டப்போகிறாரே என்று மட்டும் ஒரு முறை நினைத்தேன். தட்டவில்லை.

பிறகு முகத்தைக் கழுவிவிட்டு, ஜோடியைப் பிரித்து, வண்டியில் மாட்டினேன். பார்க்கச் சகிக்கவில்லை.

சகலை தன் வீட்டு வாசலிலேயே இருந்தார். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எழுந்துவிட்டார்.

"சகலை, வண்டிக்குக் காது முளைச்சிருக்கு! ஜாக்கிரதை, அடுத்தது வாலு."

அக்கா படியிறங்கி வந்தார். கையை நீட்டினார். நானும் நீட்டினேன். உள்ளங்கை, விரல், விரல் நுனி என்று பரீட்சை பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கண் சிவந்திருந்திருக்கும். என்ன நினைத்தாரோ, கையை ஒரு முறை அழுத்திவிட்டு விட்டார்.

"ஏய், உங்கப்பா வந்தாச்சு. ஷூவைப் போடு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "பெட்டி தயாரா இருக்கு, அதைப் பெரியப்பா கார்ல கொண்டாந்து போடுவார்."

பெட்டி காலையிலேயே தயாராகியிருக்க வேண்டும். வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

இந்தத் தடவை ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டேன். செய்தித்தாளும் இல்லை. மகள் உறைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்து, "உள்ளே நாய்க்குட்டி இருக்கற மாதிரி இருக்கு" என்றாள். புதிதாக ஒப்பந்தம் போட்டோம். குளிர்ந்தால் ஒரு தட்டு, வெந்தால் இரண்டு.

"என் பந்தைத் திருப்பிக் குடுத்துடணும்" என்றாள், பெல்ட்டைப் பூட்டும்போது.

"சரி."

"அது இனிமே வண்டியில வரக்கூடாது."

"வராது."

வெளிச்சம் இன்னும் இருந்தது. பாலத்தில் காற்று பக்கவாட்டில் வந்தது. உறையின் மேல் அடித்தது, உள்ளே வரவில்லை. விரல்கள் இருந்தன, பிரேக் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று தெரிந்துகொண்டன. பின்னால் அவள் சாய்ந்து படகுகளைத் தேடினாள்.

பாலத்தின் நடுவில் முதுகில் இரண்டு தட்டு.

அங்கே நிறுத்த முடியாது. பாலம் தாண்டியதும் ஓரங்கட்டினேன். உறையிலிருந்து கையை எடுத்து, திரும்பி, அவள் கோட்டின் மேல் பட்டனைத் திறந்துவிட்டேன். கழுத்துக் குழாயையும் கொஞ்சம் தளர்த்தினேன்.

"இப்ப?"

யோசித்தாள்.

"இப்ப சரி" என்றாள். "போங்க."